மூன்றாவது நிமிடம்

"மியூசிக்கை அணைச்சுட்டு விளையாடினாங்களாமே, உண்மையா?" என்று கேட்டார் வைத்தீஸ்வரன்.

"உண்மைதான் சார்," என்றாள் ஜெசிந்தா. "கேமை விளையாடிப் பாக்க வந்த பன்னிரண்டு பேர்ல ஒன்பது பேர்."

அவர் வாசலிலேயே நின்றார்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது. இருபத்தெட்டு வருடங்களாகச் சினிமா இசைக்கு மிக்ஸிங் செய்பவர். ஒவ்வொரு வாத்தியமாக மைக்கில் பிடித்து, எது முன்னால், எது பின்னால் என்று தீர்மானித்து ஒன்றாக்குகிற வேலை.

ஜெசிந்தா ஒரு காலத்தில் அவருக்கு உதவியாளர். இப்போது வீடியோ கேம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஒலிப் பிரிவு முழுவதும் அவள் பொறுப்பு. அவருக்கு முதல் கேம் வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

"மூணு தடவை மாத்திக் கொடுத்துட்டேன்மா. நாற்பத்திரண்டு பேர் வாசிச்சது. ரெண்டு நாள் பதிவு. நீயும் கூடவே இருந்தே."

"இருந்தேன்."

"அப்புறம் என்ன குறை?"

ஜெசிந்தா அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வெள்ளிக்கிழமைதான் கடைசி. அன்னிக்கும் யாராவது அணைச்சா, இந்தப் பதிவை ஒதுக்கிட்டு கம்ப்யூட்டர் ஆர்க்கெஸ்ட்ராவைப் போட்டுடுவோம்னு உங்க ஆளுங்க எழுதியிருக்காங்க. வாசிச்சவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"நீங்க கேட்டுப் பாத்தீங்களா சார்?"

"என்ன கேள்வி இது? நூறு தடவை கேட்டிருக்கேன். மூணாவது நிமிஷத்துல டிரம்பெட், ஹார்ன் எல்லாம் சேந்து எழும்புதே, என் வாழ்நாள்ல அப்படி ஒண்ணு செஞ்சதில்லை. அதுக்காகத்தான் ரெண்டு நிமிஷம் படிப்படியா ஏத்திக்கிட்டுப் போறேன்."

"எங்க உக்காந்து கேட்டீங்க?"

"என் நாற்காலியில."

அவள் மேசை இழுப்பறையைத் திறந்தாள். விளையாடுகிற கன்ட்ரோலரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ஐயோ, எனக்கு இதெல்லாம் வராதும்மா."

"முதல்ல யாருக்கும் வராது சார்."

திரையில் ஒரு மரப்பாலம். அதன் மறுமுனையில் வீட்டளவு பெரிய கரடி.

"அதைத் தாண்டணும். அவ்வளவுதான்."

இசை தொடங்கியது. செல்லோக்கள் தாழ்ந்த குரலில் உறுமின. சிம்பல் ஓங்கி அறைந்தது. கரடியும் அறைந்தது. வைத்தீஸ்வரன் ஆற்றில் விழுந்து செத்தார்.

பதினோரு வினாடி.

"இரு, இரு. இன்னொரு தடவை."

செல்லோ. சிம்பல். ஆறு.

"இது என்னம்மா, நிக்கவே விடமாட்டேங்குது?"

"கரடி சார். வேற எப்படி இருக்கும்?"

டீ வந்தது. அவர் குடிக்கவில்லை. ஆடை படிந்தது.

பதினேழாவது தடவை பல்லைக் கடித்தார். இருபத்தைந்தாவது தடவை கரடியைவிட அந்தச் சிம்பல் மோசமாகத் தெரிந்தது. யாரோ பின்னால் நின்றுகொண்டு, விழும்போதெல்லாம் பிடரியில் தட்டுவதுபோல.

"எவன் இந்தச் சிம்பலை இவ்வளவு ஏத்தி வெச்சான்?" என்று கத்தினார்.

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள்.

அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முப்பத்தோராவது தடவை விழுந்தபோது வேறொன்று உறுத்தியது.

"விழுந்த உடனே ஏன் இப்படிப் பட்டுனு நின்னு போகுது? கரண்ட் போன மாதிரி."

"நீங்க அப்படித்தான் வெட்டிக் கொடுத்தீங்க."

அவருக்கு நினைவு வந்தது. பதிவின்போது, வாசித்துக்கொண்டிருக்கையில் பாதியில் சட்டென்று நிறுத்தச் சொன்னாள் ஜெசிந்தா. நிறுத்திய பிறகு வயலின் வில்லை இறக்கக் கூடாது, பக்கம் புரட்டக் கூடாது, கூடத்தில் ஒலி அடங்கும்வரை அசையக் கூடாது என்றாள். நாற்பத்திரண்டு பேரும் நான்கு வினாடி சிலையாக இருந்தார்கள். வயலின்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் அப்படி ஒன்று எடுத்தாள்.

சினிமாவில் அடுத்த காட்சி காத்துக்கொண்டிருக்கும். மிச்ச ஒலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவர் அவற்றை ஒன்றுவிடாமல் ஒதுக்கியிருந்தார்.

"விழுறவங்களுக்காகவா அதை எடுக்கச் சொன்னே?"

"கரடி பாத்துக்கிட்டிருக்கு சார்."

செத்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் எழுந்திருக்கவில்லை. நாற்பதுக்கு மேல் போனது. திட்டுவதை நிறுத்தினார். முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். அடிப்பதற்கு முன் கரடி இடது தோளைத் தாழ்த்துவதைக் கண்டுபிடித்தார்.

நாற்பத்தெட்டாவது தடவை கரடி ஆற்றில் விழுந்தது.

"பாத்தியா! பாத்தியாம்மா!" நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் இடித்தது. "எடது தோளு! அதைத் தாழ்த்தினா உடனே குனிஞ்சிடணும்!"

"பாத்தேன் சார். மூணு நிமிஷம் இருபது வினாடி நின்னுட்டீங்க."

"திருட்டுக் கரடி! என்னை என்ன பாடு படுத்திடுச்சு!"

"அந்த டிரம்பெட், ஹார்ன் எழும்புற இடம் எப்படி இருந்துச்சு?"

வைத்தீஸ்வரனின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"எப்ப வந்துச்சு?" என்றார்.

ஜெசிந்தா ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவர் கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தார். இத்தனை வருடங்களாக யாருக்காக மிக்ஸிங் செய்துகொண்டிருந்தேன் என்று தன்னைக் கேட்டார். ஸ்டூடியோவில் இருக்கும் தன் நாற்காலிதான் பதிலாகத் தோன்றியது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. வேறு பதில் தேடினார். கிடைக்கவில்லை.

மறுநாள் காலை சாலிகிராமத்தில் தன் ஸ்டூடியோவைத் திறந்தார். மூன்றாவது நிமிடத்தின் பக்கமே போகவில்லை. சிம்பலை இறக்கினார். இன்னும் இறக்கினார். கடைசியில் அது தூரத்தில் எங்கோ மழை தொடங்குவதுபோல் கேட்டது.

பிறகு, ஒதுக்கிவைத்த நான்கு வினாடிகளைத் தேடி எடுத்தார். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் சேர்த்தார். ஒன்றில் யாருடைய நாற்காலியோ லேசாக முனகியது. அழிக்கப் போன கை நின்றது. விட்டுவிட்டார்.

அனுப்புவதற்கு முன் முதல் பதினோரு வினாடிகளை மட்டும் நாற்பத்தெட்டு தடவை கேட்டார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஜெசிந்தாவை போனில் கூப்பிட்டார்.

"விளையாடிப் பாத்தாங்களா?"

"காலையிலேர்ந்து உள்ளதான் இருக்காங்க."

"என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லலை சார்."

"ஒண்ணுமே சொல்லலையா? பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லும்மா. வாசிச்சவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"இருங்க."

ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் போனை உள்ளே நீட்டியிருக்க வேண்டும்.

செல்லோக்கள் உறுமிக்கொண்டிருந்தன. யாரோ ஆற்றில் விழுந்தார்கள்.

மிச்ச ஒலி, பதிவுக் கூடத்தின் சுவர்களைத் தடவிக்கொண்டு மெதுவாக அடங்கியது. அவர் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்திருந்தார்.

"சனியன் பிடிச்ச கரடி," என்றது ஒரு பெண் குரல்.

செல்லோக்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கின.