பெஞ்சு பொறுக்கிய பாட்டுகள்

பூவாணிவிளையில் கொம்பையா என்று ஒருவர் இருந்தார். இப்போதும் இருக்கிறார், சந்தேகமென்றால் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். டைல்ஸ் ஒட்டுவது தொழில். ஒருநாள் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு பனியன் வாங்கிப் போட்டார். அதன் நெஞ்சில் கொட்டை எழுத்தில் 'டிஜே' என்று எழுதியிருந்தது.

ரைஸ்மில் தங்கப்பழம் அண்ணாச்சி அதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

"நீரு டிஜேயா வே?"

கொம்பையா குனிந்து தன் நெஞ்சைப் படித்துப் பார்த்தார். "அப்படித்தான் போட்டிருக்கு, அண்ணாச்சி."

"நல்லதாப் போச்சு. வார ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எம் மவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு மெட்ராசு. டிஜே உண்டுமான்னு அவங்க முதல்லயே கேட்டுட்டாங்க. ரெண்டு வரன் தட்டிப்போயி மூணாவதா அமைஞ்சிருக்கு வே. அவங்க முகம் சுளிக்கப்பிடாது. அம்புட்டுத்தான்."

இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத கொம்பையா சரி என்றார். துணைக்கு மச்சினன் பூலுடையாரையும் கூட்டாளி ஆவுடையையும் சேர்த்துக்கொண்டார். பாட்டைப் பற்றி மூவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் மூவருக்கும் ஒரே அளவில் தெரியாது என்பதால் சண்டை வரவில்லை.

பூலுடையாரோடு படித்த அமலதாஸ் மெட்ராசில் பெரிய ஓட்டல்களில் டிஜேயாக இருந்தான். போனில் பிடித்து, என்ன பாட்டு போடலாம் என்று கேட்டார்கள்.

"பாட்டைக் கேட்டதும் காலு தானா ஆடணும். அப்படிப்பட்ட பாட்டாப் பொறுக்குங்கலே," என்று சொல்லி வைத்துவிட்டான்.

அன்றே வேலை தொடங்கியது. கொம்பையா வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய பெஞ்சு. மூவரும் வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள். பாட்டு ஓடியது. மூவரும் அவரவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தானா ஆடணும்னு சொல்லியிருக்கான். நாம ஆட்டிரப்பிடாது," என்று கொம்பையா எச்சரித்திருந்தார். அதனால் மூவரும் காலை விறைப்பாகப் பிடித்திருந்தார்கள். அறுபது பாட்டு ஓடியும் ஒரு கால் அசையவில்லை. பூலுடையாருக்கு மட்டும் இடது கால் மரத்துப்போனது.

அறுபத்தொன்றாவது பாட்டில் ஆவுடை கத்தினான். "அண்ணே, ஆடுது!"

"ஒங் காலா?"

"இல்லண்ணே. பெஞ்சுக் காலு."

குனிந்து பார்த்தார்கள். உண்மைதான். அதன் பின்னங்கால் ஒன்று லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"பெஞ்சுக் காலைச் சேத்துக்கிடலாமா, அத்தான்?" என்று பூலுடையார் கேட்டார்.

"மனுசக் காலுன்னு அவன் சொன்னானா?"

"சொல்லல."

"பெறவு என்ன? நம்ம காலு ஆளுக்கு ஆள் ஓரவஞ்சனை பண்ணும். பெஞ்சுக்கு யாரு மேல என்ன பாசம்?"

அந்த நிமிடத்திலிருந்து மூவரும் எழுந்து நின்றுகொள்ள, பெஞ்சு மட்டும் பாட்டுக் கேட்டது. கொம்பையாவின் சம்சாரம் செல்லக்கனி உள்ளே வந்து தனக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போடச் சொன்னார். பாதியிலேயே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"கண்ணுதான் நனைஞ்சுது, காலு ஆடல," என்று கொம்பையா அதைத் தள்ளிவிட்டார். செல்லக்கனி பெஞ்சை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு நாளில் பத்துப் பாட்டு தேறின. அப்போது ரோட்டில் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று போனது. பெஞ்சு ஒரு சாண் துள்ளி விழுந்தது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் பூலுடையார் குவாரி ரோட்டில் போனை நீட்டி லாரிச் சத்தத்தைப் பதிவு செய்தபடி நின்றார். பதினொன்றாவது பாட்டும் கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே மண்டபம் நிறைந்தது. பனியனைத் துவைத்துப் போட்டுக்கொண்டு கொம்பையா லேப்டாப்பின் பின்னால் நின்றார். எதை முதலில் போடுவது என்று தெரியவில்லை. மறுபடி அமலதாசுக்குப் போன் போட்டார்.

"கூட்டத்தோட நாடியப் பிடிச்சுப் பாரும்வே. அதுக்கேத்தாப்ல போடும்," என்றான் அவன்.

ஆவுடை உடனே கூட்டத்துக்குள் இறங்கினான். முதல் வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் அப்பாவுடைய மணிக்கட்டைப் பிடித்தான். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான். "எழுபத்தெட்டு!" என்று கத்தினான். பூலுடையார் எழுதிக்கொண்டார். பின்வரிசைக்காரர்கள் இலவச மருத்துவ முகாம் என்று நினைத்துக் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒரு அம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துவர வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

கல்யாணப் பெண்ணுக்கு நூற்றுப்பத்து. மாப்பிள்ளைக்கும் நூற்றுப்பத்து.

"ரெண்டும் ஒரே பாட்டுதாம்மா," என்றான் ஆவுடை. பெண் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தாள்.

அண்ணாச்சிக்கு வியர்த்தது. "ஏம்வே, பாட்டு எங்க?"

"இன்னும் நாப்பது நாடி பாக்கி, அண்ணாச்சி."

அண்ணாச்சி பயந்து பயந்து சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தியோ மகிழ்ந்துபோயிருந்தார். "எங்க ஊர் டிஜே எல்லாம், வந்தவன் உயிரோட இருக்கானான்னுகூடப் பார்க்க மாட்டான் சார். உங்க ஆளுங்களுக்கு என்ன ஒரு அக்கறை!"

ஒருவழியாகப் பாட்டு தொடங்கியது. நாடிகளைக் கூட்டி வகுத்ததில் என்ன விடை வந்ததோ, முதலில் ஓடியது ஜல்லி லாரிதான். கியர் மாறியது, பின்கதவு தடதடத்தது, பள்ளத்தில் இறங்கி ஏறியது. மாப்பிள்ளையோடு வந்த மெட்ராஸ் இளவட்டங்கள் வெறிபிடித்ததுபோல் ஆடினார்கள்.

"செம ட்ராக் அங்கிள்! இது எங்கேர்ந்து புடிச்சீங்க?" என்று ஒரு பெண் மூச்சு வாங்கக் கேட்டாள்.

"குவாரி ரோட்டுல."

"குவாரி ரோட்! பேரே சூப்பரா இருக்கு!" என்று அவள் போனில் தேடத் தொடங்கினாள்.

இந்த நேரம் பார்த்து அமலதாஸ் தானே கூப்பிட்டான். "எடுத்ததும் உச்சத்துல போயிராதீங்க. கொஞ்சங் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போங்க."

"நல்லவேளை சொன்னான்," என்றார் கொம்பையா. மூவரும் ஸ்பீக்கர் பெட்டிகளை மேசைமேல் ஏற்றினார்கள். இரண்டாவது பாட்டுக்கு மேடைக்கு. நாலாவது பாட்டுக்குக் கயிறு கட்டி மொட்டைமாடிக்கு. ஆறாவது பாட்டு தண்ணீர்த்தொட்டியின் உச்சியிலிருந்து ஒலித்தது. மண்டபத்துக்குள் ஒன்றும் கேட்காததால் கூட்டம் மொத்தமும் தெருவுக்கு வந்து ஆடியது. தாம்பூலத்தட்டும் தெருவுக்கே வந்தது. நடுத்தெருவில் தட்டு மாற்றிக்கொண்டார்கள். அண்ணாச்சி மெட்ராஸ்காரர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றுகூடச் சுளித்திருக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது சைக்கிளில் ஏட்டையா வந்து இறங்கினார். "அடுத்த தெருவுல பிள்ளைகளுக்கு டியூசன் நடக்கு. சத்தத்தைப் பாதியாக் குறையுங்க. அஞ்சு நிமிசத்துல திரும்பி வருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூவரும் கூடிப் பேசினார்கள்.

"சத்தம் எங்கலே இருக்கு?" என்று கொம்பையா கேட்டார்.

"கேக்குறவன் காதுலதான், அண்ணே," என்றான் ஆவுடை.

"அப்போ பாதிப் பேரு கேக்காம இருந்தா?"

பூலுடையார் கையெடுத்துக் கும்பிட்டார். "அத்தான், நீங்க டைல்ஸ் ஒட்டப் பிறந்தவரே இல்ல."

ஆவுடை தெருவில் ஆடியவர்களைத் தலை எண்ணினான். நூற்றறுபது பேர். மணமகன் அறைத் தலையணை ஒன்றைக் கிழித்து, எண்பது பேர் காதில் இலவம்பஞ்சைத் திணித்தார்கள். பஞ்சு வைத்தவர்கள் வைக்காதவர்களைப் பார்த்து ஆடினார்கள். தண்ணீர்த்தொட்டி முன்போலவே அலறிக்கொண்டிருந்தது.

சொன்னபடி ஏட்டையா திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது. வாயைத் திறப்பதற்குள் ஆவுடை விரலை நீட்டி எண்ணி முடித்துவிட்டான்.

"அண்ணே, போச்சு! ஏட்டையாவோட சேத்து நூத்தி அறுபத்தொண்ணு. பாதி இடிக்குது."

கொம்பையா ஒரு நொடிதான் யோசித்தார். மீதியிருந்த பஞ்சை உருட்டி, ஏட்டையாவின் வலது காதில் மட்டும் பதமாக அடைத்தார்.

"இப்போ கணக்கு சரியாப் பாதி, ஐயா."

"என்னது?" என்றார் ஏட்டையா.

கொம்பையா பணிவாக அவரைச் சுற்றிப் போய், இடது காதில் சொன்னார்.