காரண்டி இல்லாத முக்காலி

பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று பதறி, என் இட்லி மாவுக் கடையில் மாவரைத்த குருவம்மாளோடு கோவில்பட்டியில் ஒரு சோபா கடைக்குப் போனேன்.

"வட்டியே இல்லாத தவணை. ரெண்டே வருஷம்," என்றார் டை கட்டிய மேனேஜர். குருவம்மாளின் மாவுக் கையைப் பார்த்து முகம் சுளித்தவர், "இதுல ஒரு குறை சொல்லிட்டா அந்த முக்காலி இனாம்," என்று ஓரத்தில் கிடந்த ஒரு மர முக்காலியைக் காட்டிச் சிரித்தார்.

மாவு விற்ற காசில் கட்ட முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிவிட்டேன்.

"இருங்கக்கா," என்றாள் குருவம்மாள். "சார், சோபாவுக்கு எத்தனை வருஷம் காரண்டி?"

"ஒரு வருஷம்."

"அடுத்த வருஷம் உடைஞ்சா, அக்கா தரையில உக்காந்துக்கிட்டே சோபாவுக்குப் பணம் கட்டணுமா?"

"அதெல்லாம் உடையாதும்மா."

"உடையாதுன்னா காரண்டியையும் ரெண்டு வருஷம்னு எழுதிக் குடுங்க."

மேனேஜர் எழுதவில்லை. கடையில் நின்றவர்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். நான் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். குருவம்மாள் முக்காலியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் ஜமுக்காளத்தில் உட்கார்ந்துதான் சம்மதம் சொன்னார்கள்.

குருவம்மாள் இப்போது மகனோடு திருப்பூரில் இருக்கிறாள். அவள் உட்கார்ந்து மாவரைத்த, காரண்டியே இல்லாத அந்த முக்காலி என் அடுப்படியில் இன்னும் ஆடாமல் நிற்கிறது. அவளைத் தவிர வேறு யாரையும் அதில் உட்கார விடுவதில்லை.