வாய் நிறையத் தண்ணீர்

சாமியம்மாவுக்குக் கோபமே வராது என்று நினைத்துக்கொண்டு மடத்துக்கு வருகிறவர்கள் உண்டு. அரை நாள் இருந்தால் போதும், அந்த நினைப்பு போய்விடும். ஞானம் வந்தால் பொறுமையும் கூடவே வந்துவிடும் என்று யார் சொன்னது? அவளுக்கு ஞானம் எவ்வளவு வந்ததோ நமக்குத் தெரியாது. எரிச்சல் நன்றாகவே வரும். அன்றைக்கு ஹெச்.எம். சாரால் வந்தது.

ஹெச்.எம். சாருக்குப் பெயர் வேலாயுதபெருமாள். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தின் குருவான சாமியம்மாவைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்த சீடர். சேர்ந்த அன்றைக்கே, "என்னை எல்லாரும் ஹெச்.எம். சார்னுதான் கூப்பிடுவாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். மடமும் அப்படியே கூப்பிட்டது. சாமியம்மாவுக்கும் வேறு வழியில்லாமல் போயிற்று.

அவர் மடத்துக்கு வந்த காரணம் ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் அவர் பேச்சைக் கேட்க ஆயிரம் பிள்ளைகள் இருந்தார்கள். ஓய்வு பெற்றபின் மனைவி பகவதி ஒருத்திதான் மிச்சம். அவள் வாயைத் திறந்தால் மீதியை இவர் சொல்லி முடித்துவிடுவார். "இன்னைக்குச் சந்தையில" என்று ஆரம்பித்தால், "கத்தரிக்காய் விலை கூடிட்டு, அதானே" என்பார். அவள் சொல்ல வந்தது அதுவாக இருக்காது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தென்காசியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "நீங்க மாறினா சொல்லி அனுப்புங்க, வாரேன்" என்றாள். அதிலிருந்து மனிதர் மடத்தில் கிடக்கிறார், மாறுவதற்காக.

முந்தின நாள், சனிக்கிழமை, அவளிடமிருந்து போன் வந்தது. நாளைக்கு மடத்துக்கு வருகிறேன், நேரில் ஒரு விஷயம் சொல்லணும் என்றாள். என்ன விஷயம் என்று அவள் சொல்வதற்குள் இவரே பேசிப் பேசி அவளைப் போனை வைக்க வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமியம்மா முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"அறுபது வயசுக்கு மேல ஒரு மனுசன் மாற முடியுமா?"

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்டவர் ஒரு வாய் தண்ணீரை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். குரு பதில் சொல்லி முடித்தபிறகுதான் விழுங்கலாம். யார் கொண்டுவந்த ஏற்பாடோ, கொண்டுவந்தவருக்கு ஹெச்.எம். சார் மாதிரி ஒருவர் வாய்த்திருக்க வேண்டும்.

அவரே சொம்பைத் தூக்கி வாய் நிறைய ஊற்றிக்கொண்டார். வழக்கத்தில் ஒரு குறையும் வைக்க மாட்டார்.

சாமியம்மா ஆரம்பித்தாள். "ஒரு ஊர்ல ஒருத்தர். அறுபது தாண்டினப்புறம் அவருக்கு நீச்சல் கத்துக்கணும்னு ஆசை வந்துது. குளத்துக்குக் கிளம்பினார்."

மடக்கென்று ஒரு சத்தம்.

"கரையில நின்னுக்கிட்டே இருந்தா நீச்சல் வராது. இறங்கணும். அதானேம்மா? புரிஞ்சுட்டு."

"அவர் இன்னும் குளத்துக்கே போய்ச் சேரல, சார்."

"சேருவாருல்லா."

"தண்ணிய ஊத்துங்க."

ஊற்றிக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பியது.

"குளத்துல ஒரு எருமை கிடந்துது."

மடக்.

"எருமைக்கு நீச்சல் யாரு சொல்லிக் குடுத்தா? யாருமில்ல. மனசுல பயத்தை விட்டா உடம்பு தானா மிதக்கும். இதை நான் பிரேயர்லயே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கேன், அம்மா."

"எருமை நீந்தல, சார். சும்மா கிடந்துது."

"கிடந்துதுன்னா அது வேற பாயிண்ட்."

சாமியம்மா கண்ணை மூடினாள். தியானம் என்று நினைத்து அவர் மரியாதையாகக் காத்திருந்தார். தியானமும் இல்லை, ஒன்றும் இல்லை. வாயில் வந்ததை அவள் அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஊத்துங்க" என்றாள் மறுபடி. "அந்த எருமை அவரைப் பாத்து ஒரு வார்த்தை கேட்டுது."

மடக்.

"எருமை எப்படிம்மா பேசும்? கதைன்னாலும் ஒரு நியாயம் வேண்டாமா?"

இப்படியே சொம்பு காலியாயிற்று. எருமை என்ன கேட்டது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஹெச்.எம். சார் அவசரமாக எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்தார். குடித்த தண்ணீர் கொஞ்சமா?

"இன்னொரு சொம்பு மொண்டுட்டு வரட்டுமாம்மா?"

"வேண்டாம். உசிர வாங்காதீங்க, சார்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, அவ இன்னைக்கு வாரா. நான் மாறிட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவா. உங்க மேல அவளுக்கு மரியாதை உண்டு."

"நான் சொல்லணுமா?"

"வீடு பூட்டிக் கிடக்குதும்மா. போன மாசம் ஒருதரம் போனேன். அவ இல்லாம அந்த வீட்டுல ஒரு காப்பி போட்டுக் குடிக்கக்கூட மனசு வரல. கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்."

சாமியம்மாவுக்குப் பாவமாக இருந்தது. எரிச்சலும் போகவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தாள். பகவதிதான்.

ஹெச்.எம். சார் அவளைத் தாண்டி வாசலை எட்டிப் பார்த்தார். "யாரு கொண்டுவந்து விட்டா? மாப்பிள்ளையா?"

"நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

"நீயா? உனக்கு சைக்கிளே வரலியே. கல்யாணமான புதுசுல நான் எவ்வளவு சொல்லிக் குடுத்தேன்."

"சொல்லிக் குடுத்தீங்க. அதான் வரல."

"இந்த வயசுல கீழ விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"விழுந்தாச்சு. முட்டியில தையல் போட்டாங்க. ஆறினதும் திரும்ப ஏறினேன்" என்றாள் பகவதி. ஏதோ கீரை ஆய்ந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

சாமியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வயது இருக்கும். வெயிலில் வந்த முகம் சிவந்து கிடந்தது. தான் சொல்ல வைத்திருந்த குளமும் எருமையும் சாமியம்மாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டன.

பகவதி அவளைக் கும்பிட்டுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள். "ஒரு விஷயம் சொல்லணும்னேன்ல. மகள் வீட்டுல இருந்து நல்லா யோசிச்சுப் பாத்தேன். இனிமே நாம..."

"இனிமே நாம ஒண்ணா இருக்கக் கூடாது. அதானே?"

பகவதி அப்படியே நின்றாள்.

"எனக்குத் தெரியாதா? முப்பத்தஞ்சு வருசம் கூட இருந்தவன். வண்டி ஓட்டப் படிச்சுக்கிட்ட. மகள் இருக்கா, பேத்தி இருக்கா. நான் எதுக்கு உனக்கு? போ, நல்லா இரு. நான் இங்கயே ஒரு மூலையில கிடந்துக்கிடுதேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பகவதியின் வாய் பாதி திறந்திருந்தது. அதை மூடிக்கொண்டாள். வெகுநாள் பழக்கம் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"சரி" என்றாள். "அப்போ நான் கிளம்புதேன்."

சாமியம்மாவை இன்னொருதரம் கும்பிட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். கால் லேசாகச் சாய்ந்தது. தையல் போட்ட கால் போலிருக்கிறது.

"பாத்தீங்களாம்மா" என்றார் ஹெச்.எம். சார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. "நான் சொன்ன மாதிரியே போயிட்டா. மாற மாட்டாங்கம்மா. அறுபதுக்கு மேல யாரும் மாற மாட்டாங்க."

சாமியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, உள்ளங்கையால் ஓங்கித்தான் அடித்துக்கொண்டாள்.

"சார், அந்த வண்டியைப் பாருங்க."

"புது வண்டி. இதெல்லாம் மாப்பிள்ளை வேலை, எனக்கு..."

"முன்னால கொக்கியில ஒரு தலைக்கவசம் தொங்குது."

"அவளுது."

"அவங்களுது அவங்க கையில இருக்கு. இது வேற. பெரிய தலைக்கு வாங்கினது. விலை அட்டைகூட இன்னும் பிய்க்கல. அது யாருக்கு?"

ஹெச்.எம். சார் வாயைத் திறந்தார். வாசலில் பகவதி வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அதைப் பார்த்தார், அந்தக் கவசத்தைப் பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது.

"தெரியலியேம்மா" என்றார் கடைசியில்.

"அப்போ ஓடிப்போய் அவங்ககிட்டக் கேளுங்க" என்றாள் சாமியம்மா. "அவங்க சொல்லி முடிக்க ரொம்ப நேரமாகும், சார். வாயில தண்ணி இருக்குன்னு நினைச்சுக்கிட்டு நில்லுங்க."