தில்லைநாயகம் வீட்டு பீரோ

எங்கள் ஊர்ப் பூங்காவில் காலையில் நடப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அட்மின் தில்லைநாயகம், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. வாசலில் சூப் விற்கும் சண்முகையாவையும் அதில் சேர்த்திருந்தார்கள். இன்றைக்கு முடக்கத்தானா, முருங்கையா என்று அவன் சொல்ல வேண்டுமே!

ஒரு நாள் தில்லைநாயகம் குரல் பதிவு போட்டார். "நம்ம பஜார் பேங்கை வெள்ளிக்கிழமை மூடப் போறான். நான் நேத்தே மொத்தத்தையும் எடுத்து பீரோவுல வச்சாச்சு."

சண்முகையா தன் மகளின் நர்சிங் படிப்புக்காக அந்த வங்கியில்தான் டெபாசிட் போட்டிருந்தான். பாதியில் உடைத்தால் வட்டி போய்விடும். "நெசமாவா சார்?" என்று கேட்டான்.

"சூப்புக்காரருக்கு ஆதாரம் வேணுமாம்!" என்றார் ஒருவர். கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின.

"நீ பேசாம மிளகைத் தூவுப்பா," என்றார் தில்லைநாயகம்.

சண்முகையா பணிவாக எழுதினான். "தப்புதான் சார். என் பணத்தையும் உங்க பீரோவுலயே வச்சிருதேன். கடைக்கு வந்த எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், சார் வீட்டு பீரோவுல மொத்தப் பணமும் இருக்கு, ஒரு கண்ணு வச்சுக்கிடுங்கன்னு."

மூச்சிரைக்க தில்லைநாயகத்தின் அடுத்த பதிவு வந்தது. "யோவ், யார்ட்டயெல்லாம்யா சொன்னே? பீரோவுல வேட்டி சட்டைதான்யா இருக்கு! பணம் பூரா பேங்க்லதான்யா கிடக்கு!"

அதற்குக் கீழே அதே சிரிப்புப் பொம்மைகள் திரும்பி வந்தன.

சண்முகையா டெபாசிட்டை உடைக்கவில்லை.