வரப்பு காணாமல் போன ராகி வயல்

நாவல் குட்டையின் கரையில் ஒரு முயலும் ஒரு முள்ளம்பன்றியும் அடுத்தடுத்த வயல்களில் பயிர் செய்துவந்தன. முயலின் பெயர் வெடுக்கன். முள்ளம்பன்றியின் பெயர் சிலுப்பன். இரண்டு வயலுக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பு இருந்தது. முழங்கால் என்றால் முயலின் முழங்கால். பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. தை மாதம் பிறந்ததும் மலையிலிருந்து பிடியானை இறங்கி வருவாள். அவளை எல்லாரும் அம்மணி என்றே கூப்பிடுவார்கள். அவள் தும்பிக்கையில் ஒரு மூங்கில் கூடை தொங்கும். ஒரு வயலுக்கு ஒரு கூடை தானியம் காட்ட வேண்டும். காட்டினால் நிலம் உழுதவருக்கே. காட்டாவிட்டால் அது மான்களின் மேய்ச்சலுக்குப் போய்விடும். நிலத்தை வளைத்துப் போட்டுவிட்டுச் சும்மா படுத்துக் கிடப்பவர்களுக்காகப் போட்ட சட்டம் அது. மான்கள் தை பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பே வந்து, நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டு ஓரமாக நிற்கும்.

வெடுக்கனுக்கு நான்கு குட்டிகள். கோடையில் குட்டைக் கரையில் ஒரு புல்கூட இருக்காது. வளையில் சேர்த்துவைக்கும் ராகிதான் ஆறு வயிற்றுக்கும் சோறு. நிலம் போனால் குட்டைக்கு அந்தப் பக்கம் போய்ப் பிழைக்க வேண்டும். அந்தப் பக்கம் நரிகள் குடியிருந்தன.

அந்த வருடம் சோள அறுவடை முடிந்ததும், சமவெளிக்குப் போய்த் திரும்பிய மயில் ஒன்று குட்டையில் தண்ணீர் குடிக்க வந்தது.

"நீங்க எல்லாம் கதிர் அறுத்து மிஞ்சுன காஞ்ச சோளத்தட்டை வருஷா வருஷம் எரிச்சுத் தொலைக்கறீங்க. அதை மண்ணுக்குள்ள போட்டு மூடுனா நிலம் பொன்னா விளையுமே. ஆனா..." என்றது மயில்.

வெடுக்கன் அந்த 'ஆனா'வுக்காக நிற்கவில்லை. அதற்குள் பாதி வழி ஓடிவிட்டான். அவன் எப்போதும் அப்படித்தான். பாதி கேட்டாலே முழுசும் புரிந்துவிடும் அவனுக்கு.

ஓடும்போதே கணக்குப் போட்டான். தன் தட்டு மட்டும் போட்டால் ஒரு மடங்கு பொன். சிலுப்பனுடைய தட்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டு மடங்கு பொன். நேரே வரப்புக்குப் போய் நின்றான்.

"சிலுப்பண்ணா, உங்க தட்டு எல்லாம் வயல்ல கிடந்து காலைத் தடுக்குதே. நான் வேணா அள்ளிட்டுப் போகட்டுங்களா?"

சிலுப்பன் ஒரு முள்ளைக்கூட அசைக்காமல் யோசித்தான். முயல் சும்மா உதவி செய்யும் ஆள் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அதனால் அவனும் ஒரு தூண்டில் போட்டான்.

"அள்ளிக்க தம்பி. பதிலுக்கு உன் வயல் ஓரத்துல காட்டெருமைங்க போட்டுட்டுப் போற சாணி இருக்குதே, அது பூராவும் எனக்கு. உன் பொண்டாட்டிக்கும் நாத்தம் தொலையும்."

காட்டெருமைகள் தினமும் காலையில் வெடுக்கன் வயலை ஒட்டித்தான் தண்ணீருக்கு இறங்கும். யார் வயலோரம் சாணி விழுகிறதோ, அது அவர்களுக்குச் சொந்தம் என்பது அங்கே வழக்கம்.

"தாராளமா எடுத்துக்கங்கண்ணா" என்றான் வெடுக்கன். வளைக்கு வந்து மனைவி தும்பையின் முன்னால் தரையில் உருண்டு சிரித்தான். "தும்பை, அந்த முட்டாள் பொன்னைக் குடுத்துட்டுச் சாணியை வாங்கிட்டுப் போறான்!"

வரப்புக்கு அந்தப் பக்கம் சிலுப்பனும் சிரித்துக்கொண்டிருந்தான். "குப்பையைக் குடுத்துச் சாணியை வாங்கிட்டேன். முயலுக்குக் காது நீளம், மூளை குட்டை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த வட்டாரத்தில் அன்று இரண்டு பேர் மிகச் சந்தோஷமாகத் தூங்கினார்கள்.

வெடுக்கன் மறுநாளே காய்ந்த தட்டுகளை மண்ணில் புதைக்க ஆரம்பித்தான். குழி கொள்ளும் மட்டும் திணித்தான். மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு என்று போராக அடுக்கினான்.

"ஏனுங்க, கொஞ்சம் பொறுத்து விதைச்சா என்னங்க? தட்டு மக்க வேண்டாமா?" என்று தும்பை கேட்டாள்.

"மக்கறது அது பாட்டுக்கு மக்கட்டும், விளையறது இது பாட்டுக்கு விளையட்டும்" என்று சொல்லி அன்றைக்கே ராகியை விதைத்தான்.

சிலுப்பனும் சும்மா இருக்கவில்லை. பச்சைச் சாணியைக் கூடை கூடையாகக் கொட்டிவிட்டு விதைத்தான். அவனாலும் சுமக்க முடியாமல் மிஞ்சியதைப் புங்கமர நிழலில் குவித்து வைத்தான்.

ராகி முளைத்தது. மூன்று வாரம் போயிற்று. வெடுக்கன் வயலில் பயிர் வளரவில்லை. ஒரு விரல் உயரத்தில் நின்று, மஞ்சள் பூசிக் குளித்தது போல் வெளுத்துக் கிடந்தது. வெடுக்கன் வயலைச் சுற்றிச் சுற்றி ஓடினான். தண்ணீர் ஊற்றினான். பயிரைத் திட்டினான். ஒன்றுக்கும் அது அசையவில்லை.

நாலாவது வாரம் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சிலுப்பன்தான் வேரைக் கடிக்கிறானோ? மண்ணில் காதை வைத்துக் கேட்டான். உள்ளே நறநறவென்று சத்தம். ஆவேசமாகத் தோண்டினான். சிலுப்பன் வரவில்லை. ஒரு மண்புழுதான் வெளியே வந்தது.

"கொஞ்சம் மெல்லத் தோண்டக் கூடாதா? இப்பத்தான் படுத்தேன்" என்றது அது.

"என் பயிரோட சத்தை யார் திருடறது? உண்மையைச் சொல்லு!"

"திருட்டா? நீ கூப்பிட்ட விருந்தாளிங்கதான். மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னதுங்க கோடிக்கணக்குல இருக்குது. தட்டை மக்க வைக்கறதே அதுங்கதான். நீ இவ்வளவு தட்டைப் புதைச்சதும் ஊர்ப்பட்ட கூட்டம் கூடிப்போச்சு."

"தின்னட்டுமே. தட்டைத்தானே தின்னுது?"

"காஞ்ச தட்டு வெறுஞ்சோறு மாதிரி. தழைச்சத்துதான் அதுக்குக் குழம்பு. சோத்தைக் கொட்டிட்டுக் குழம்பு ஊத்தாம விட்டா விருந்தாளி என்ன பண்ணுவான்? அடுப்படியில இருக்கறதை எடுத்துக்குவான். உன் மண்ணுல இருந்த தழைச்சத்து பூராவையும் சின்னதுங்க எடுத்துக்கிச்சு. பயிருக்கு ஒண்ணும் மிஞ்சலை. அதான் மஞ்சள்."

வெடுக்கனின் காதுகள் இரண்டும் தொங்கிப்போயின. "திருப்பித் தராதா?"

"தரும். தட்டு தீர்ந்ததும் சின்னதுங்க செத்து மண்ணாகும். எடுத்தது எல்லாம் மண்ணுக்கே வரும். நிலமும் பொலபொலன்னு ஆகும். ஆனா அதுக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும்."

ரெண்டு மூணு மாசம் கழித்து அம்மணி கூடையோடு வந்து நிற்பாள். மயில் சொல்லவந்த 'ஆனா' இதுதான் என்று வெடுக்கனுக்கு அப்போதுதான் உறைத்தது. குட்டைக்கு அந்தப் பக்கம் பார்த்தான். ஒரு நரி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

"இப்ப நான் என்ன பண்றது?"

"குழம்பு ஊத்து. மக்குன சாணி வேணும்" என்றது மண்புழு. உள்ளே போகத் திரும்பியது, பிறகு நின்று சொன்னது. "பக்கத்து வயல் கதை இன்னும் வேடிக்கை. அங்க குழம்பு மட்டும் ஊத்தி வெச்சிருக்காங்க. பிசைஞ்சு சாப்பிடச் சோறே இல்லை."

அது உண்மைதான். சிலுப்பனின் ராகி தழைத்து, கரும்பச்சையாகக் கொழுத்து, நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து கிடந்தது. சாணியின் சத்தைப் பிடித்துவைக்க மண்ணில் தட்டும் தழையும் இல்லை. ஒரு மழைக்கே பாதிச் சாறு குட்டைக்கு ஓடிவிட்டது. குட்டைத் தண்ணீர் பாசி கட்டி, தவளைகள் வந்து சண்டை போட்டுவிட்டுப் போயின.

மறுநாள் இருவரும் வரப்பில் சந்தித்தார்கள்.

"பயிர் எப்படிங்கண்ணா?"

"அருமை. கொஞ்சம் படுத்திருக்குது. வளர்ந்த அசதி. உன்னுது?"

"அருமைங்க. கொஞ்சம் மஞ்சளா இருக்குது. புது ரகம்."

இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். மழை வருமா என்று பேசினார்கள்.

பின்னாலிருந்து தும்பை வந்தாள். அவளுக்கு ஆண்களின் கௌரவத்தைப் பார்க்கப் பொறுமை இல்லை.

"அண்ணா, இவர் உங்களை ஏமாத்தித்தான் தட்டை வாங்கினார். பயிர் சாகுது. எங்க குழந்தைங்க நாலும் நரிக்குப் போகும். புங்கமரத்தடிச் சாணியைக் குடுங்க."

சிலுப்பனின் முட்கள் ஒரு தடவை விறைத்து, பிறகு படுத்தன. "நானும் அவனை ஏமாத்தித்தான் சாணியை வாங்கினேன்மா" என்றான் மெதுவாக. "என் பயிரும் எந்திரிக்கலை. அந்தத் தட்டுப் போர்ல பாதி எனக்குக் குடு."

அன்றைக்கே வேலை தொடங்கியது. புங்கமரத்தடிச் சாணி நிழலில் கிடந்து பாதிக்கு மேல் மக்கியிருந்தது. வெடுக்கனும் தும்பையும் அதைத் தண்ணீரில் கரைத்து வரப்பேறிக் கொண்டுபோய் வேர் வேராக ஊற்றினார்கள். சிலுப்பன் தட்டை முதுகு முட்களில் குத்திக்கொண்டு வரப்பேறிப் போய், சாய்ந்த பயிருக்கு நடுவே பரப்பினான். பயிர் அதன் மேல் சாய்ந்துகொண்டது. தட்டைத் தேடி மேலே வந்த சின்னதுகள் அளவுக்கு மிஞ்சிக் கிடந்த சத்தையும் எடுத்துக்கொண்டன. மழை வந்தபோது குட்டைக்கு ஒன்றும் ஓடவில்லை. தவளைகள் சண்டையை வேறு ஆளிடம் வைத்துக்கொண்டன. பத்து நாள் இந்தப் போக்குவரத்து நடந்தது. பத்தாம் நாள் வெடுக்கன் வயலில் மஞ்சள் மங்கிப் பச்சை எட்டிப் பார்த்தது.

ஆனாலும் போன நாள் போனதுதான். கதிர் சின்னதாகத்தான் பிடித்தது.

தை பிறந்தது. அம்மணி வந்தாள். மான்களும் வந்தன.

வெடுக்கன் தன் ராகியைக் கூடையில் கொட்டினான். பாதிக் கூடைதான் வந்தது. மான்கள் ஒரு காலடி முன்னே வைத்தன. குட்டிகள் நான்கும் தும்பையின் வயிற்றடியில் ஒளிந்துகொண்டன. சிலுப்பன் தன் மூட்டையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றான். அதிலும் பாதிக் கூடைக்கு மேல் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

அம்மணி கூடையைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். அவள் நெற்றி சுருங்கியது.

"வரப்பு எங்கே?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வரப்பு இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே சமமாக மண் கிடந்தது.

'கரையான் தின்னுடுச்சுங்க' என்று சொல்ல வெடுக்கன் வாயைத் திறந்தான். தும்பை பார்த்த பார்வையில் வாயை மூடினான். மறுபடி திறந்தபோது உண்மைதான் வந்தது.

"நான் அண்ணனை ஏமாத்தினேனுங்க அம்மணி. அண்ணன் என்னை ஏமாத்தினார். ரெண்டு வயலும் கெட்டுப்போச்சு. அப்புறம் அவர் சாணியை நானும், என் தட்டை அவருமா மாத்தி மாத்திச் சுமந்தோம். நடந்து நடந்து வரப்பு தேஞ்சுபோச்சுங்க."

அம்மணி காதுகளை இரண்டு முறை வீசினாள். சிரிப்பை அடக்கும்போது அவள் அப்படித்தான் செய்வாள்.

"என் சட்டம் ஒரு வயலுக்கு ஒரு கூடை. எனக்கு இங்கே ஒரு வயல்தான் தெரியுது. சிலுப்பா, கொட்டு."

சிலுப்பன் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினான். ராகி ஏறி ஏறி வந்து, விளிம்புக்கு ஒரு கைப்பிடி கீழே நின்றது. மான்கள் இன்னொரு காலடி வைத்தன. பதற்றத்தில் சிலுப்பனின் உடம்பு முழுக்க உதறியது. அறுவடையில் முட்களுக்கு நடுவே சிக்கியிருந்த கதிர்கள் பொலபொலவென்று கூடைக்குள் உதிர்ந்தன. கூடை நிறைந்தது.

"இனிமே இங்கே வரப்புன்னு ஒண்ணு முளைச்சா, அன்னைக்கே நிலம் மானுக்கு" என்று சொல்லிவிட்டு, தானியத்தை அவர்களிடமே கொட்டிவிட்டு அம்மணி நடந்தாள். மான்கள் வேறு வேலை இருப்பது போல் கலைந்தன.

அந்தத் தை கழிந்ததும் ஒரே குழியில் ஓர் அடுக்குத் தட்டு, ஓர் அடுக்குச் சாணி, மேலே கொஞ்சம் புங்கந்தழை என்று போட்டு மூடினார்கள். மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வெடுக்கன் தினமும் காலையில் குழிக்குப் போய், "ஆச்சா?" என்று கேட்டான். மண்புழு தினமும், "ஆகலை, போ" என்றது. அடுத்த தை மாதம் கூடை மூன்று முறை நிறைந்தது.

அடுத்தவரை ஏமாற்றித் தனியாகச் சேர்த்துக்கொண்டால் நல்ல பொருளும் நஞ்சாகும். பகிர்ந்து கலந்து பொறுமையாகக் காத்திருந்தால் குப்பையும் சோறாகும்.