கரையேறப் பழகிய கீரி

ஒரு காட்டில் மழை வரப்போகிறது என்றால் எல்லாருக்கும் கொண்டாட்டம். தவளைகள் கத்தும், மயில்கள் ஆடும். ஒரே ஒரு கீரிக்கு மட்டும் பயம்.

காரணம் இல்லாமல் இல்லை. போன வருட மழையில் அதன் வளைக்குள் வெள்ளம் புகுந்து இரண்டு குட்டிகளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இந்த வருடம் மூன்று குட்டிகள். கண் திறந்து பத்து நாள்தான் ஆகிறது.

அந்தக் காட்டில் வெள்ளம் எட்டாத இடம் ஒன்றுதான் இருந்தது. மேட்டுப் பாறையில் ஒரு சின்னக் குகை. ஒரு குடும்பம் படுத்தால் அடுத்தவர் கால் நீட்ட இடம் இருக்காது. அதனால் மழைக்கு முன்னால் அதற்கு ஒரு பந்தயம் நடக்கும். குளத்தை நீந்திக் கடக்க வேண்டும். அக்கரையில் நிற்கும் வேங்கை மரத்தின் உச்சிக்கு ஏறி ஓர் இலையைப் பறிக்க வேண்டும். அந்த இலையோடு புல்வெளியில் ஓடி, குகை வாசலில் வைக்க வேண்டும். யாருடைய இலை முதலில் வந்து சேருகிறதோ, குகை அவருக்கு.

தீர்ப்புச் சொல்வது காட்டெருது. அது அதிகம் பேசாது. ஆனால் பாறைமேல் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த வருடம் பெயர் கொடுத்தவர்கள் மூவர். முதலாவது நீர்நாய், நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் அதற்குத் தலைகால் புரியாது. இரண்டாவது காட்டுப்பூனை, மேலே ஒரு தூசி ஒட்டினாலும் அதற்குப் பொறுக்காது. மூன்றாவது நம் கீரி.

“கீரியக்கா, நீயுமா?” என்று சிரித்தது நீர்நாய். “உனக்கு நீச்சல் வருமா?”

“ஏதோ வரும், தம்பி” என்றது கீரி.

பந்தயத்துக்கு ஒரு வாரம் இருந்தது. கீரி தனியாகக் குளத்தில் இறங்கி நீந்திப் பார்த்தது. எப்படியோ அக்கரையும் சேர்ந்துவிட்டது. சேர்ந்ததும்தான் வினை! வயிறுவரை சேற்றில் புதைந்தது. காதெல்லாம் தண்ணீர், தலை கிறுகிறுத்தது. மரம் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் திருதிருவென்று நின்றது. ஒருவழியாக மரம் ஏறி இறங்கினால், கால் நான்கும் வெடவெடத்தன. காலெல்லாம் வேங்கைப் பிசின் வேறு. பாறைப் பக்கம் போவதற்குப் பதிலாகத் திரும்பக் குளத்தைப் பார்த்தே ஓடியது, பாவம்.

‘நீச்சலில் நீர்நாயை வெல்ல நான் மறுபடியும் பிறந்துதான் வர வேண்டும்’ என்று கீரி நினைத்தது. ‘மரத்தில் பூனையைப் பிடிக்க முடியாது. அது போகட்டும். தண்ணீரை விட்டு ஏறுகிற அந்த நொடியில் என்ன செய்வது? மரத்தை விட்டு இறங்குகிற அந்த நொடியில் என்ன செய்வது? அதுதானே எனக்குப் பயமாக இருக்கிறது!’

மறுநாளிலிருந்து கீரி ஒரு வேடிக்கையான காரியம் செய்தது. நீந்தவே இல்லை. மான்கள் தண்ணீர் குடிக்க இறங்கும் தடம் ஒன்று அக்கரையில் இருந்தது. அங்கே மண் கெட்டியாக இருக்கும். அந்த இடத்தில் தண்ணீரில் இறங்குவதும், உடனே ஏறி இரண்டு உதறு உதறிவிட்டு மரத்தைப் பார்த்து ஓடுவதுமாக இருந்தது. பிறகு மரத்தடிக்குப் போகும். அடிமரத்திலிருந்து குதிக்கும், புழுதியில் காலைத் தேய்த்துக்கொண்டே பாறைப் பக்கம் ஓடும். மறுபடி குதிக்கும், மறுபடி ஓடும்.

பூனை வாய்விட்டுச் சிரித்தது. “ஊரெல்லாம் நீந்தப் பழகும். இவள் கரையேறப் பழகுகிறாள்!”

கீரிக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் குட்டிகளை நினைத்துக்கொண்டு மறுபடியும் தண்ணீரில் இறங்கியது.

பந்தய நாள் வந்தது. வானம் காலையிலேயே கறுத்துக் கிடந்தது. மூன்று பேரும் தண்ணீரில் குதித்தார்கள்.

நீர்நாய் கண்மூடித் திறப்பதற்குள் அக்கரை போய்விட்டது. கரையில் நின்றவர்கள் “அடேயப்பா!” என்றார்கள். அவ்வளவுதான், நீர்நாய்க்குக் குளத்தை விட மனம் வரவில்லை.

“இதென்ன பிரமாதம்! இன்னும் ஒரு முறை பாருங்கள்!” என்று திரும்பவும் முங்கியது. கூட்டம் கைதட்டக் கைதட்ட அது மல்லாந்து நீந்திக்கொண்டே இருந்தது. அதன் பந்தயம் அங்கேயே முடிந்தது.

அடுத்துப் பூனை கரையேறியது. தன்னைக் குனிந்து பார்த்தது. உடம்பெல்லாம் சேறு! “சீச்சீ, இந்தக் கோலத்தில் நாலு பேர் முன்னால் ஓடுவதா?” என்று உட்கார்ந்து நக்க ஆரம்பித்தது. முன்னங்கால், விலா, பின்னங்கால் என்று ஒவ்வொன்றாக நிதானமாக நக்கியது.

கடைசியாக வந்தது கீரி. மான் தடத்தில் ஏறியது, இரண்டு உதறு உதறியது, நிற்காமல் ஓடியது.

“நனைந்த சாக்குத்துணி ஓடுகிறது பார்!” என்று சொல்லிவிட்டுப் பூனை வாலை நக்கியது. பிறகுதான் எழுந்தது.

மரத்தில் பூனையை யாரால் மிஞ்ச முடியும்? பாதி மரத்திலேயே கீரியைத் தாண்டிவிட்டது. உச்சிக்குப் போய் இலையைப் பறித்தது. கீரி உச்சியைத் தொட்டபோது பூனை தரைக்கே வந்துவிட்டது.

மேலிருந்து அதைப் பார்த்த கீரிக்கு அழுகையே வந்தது. ‘ஐயோ, என் பிள்ளைகள்!’ என்று மனம் அடித்துக்கொண்டது. இலையைக் கவ்விக்கொண்டு சரசரவென்று இறங்கியது.

கீழே பூனை என்ன செய்தது தெரியுமா, குழந்தைகளே? அதன் நகம் கீறிய இடமெல்லாம் மரத்தில் பிசின் கசிந்து, கால்களில் சிவப்பாக அப்பியிருந்தது. “ஒரே நொடி” என்று இலையைத் தரையில் வைத்துவிட்டு நக்க உட்கார்ந்தது. வாயில் இலையை வைத்துக்கொண்டு நக்க முடியுமா என்ன!

அப்போது மழைக்காற்று வீசியது. இலை பறந்தது. மரத்தடியில் கிடந்த ஆயிரம் இலைகளோடு அதுவும் ஒன்றாகிவிட்டது.

“என் இலை! என் இலை எது?” என்று பூனை சுற்றிச் சுற்றி வந்தது. அதற்குள் கீரி தொப்பென்று குதித்துப் புழுதியில் காலைத் தேய்த்தபடி ஓட்டம் பிடித்தது.

பூனை மறுபடியும் மரம் ஏறியது. சும்மா சொல்லக்கூடாது, அந்த வேகத்தில் அதுவரை யாரும் அந்த மரத்தில் ஏறியதில்லை. இன்னோர் இலையைப் பறித்துக்கொண்டு பாய்ந்து வந்தது.

கீரி பாதிப் புல்வெளியில் இருந்தது. வாயில் இலை இருந்ததால் மூச்சு முட்டியது. பின்னால் புல் சரசரக்கும் சத்தம் கேட்டது. சத்தம் நெருங்கியது, இன்னும் நெருங்கியது. திரும்பிப் பார்க்கக்கூட அதற்குத் தைரியம் இல்லை. முதல் மழைத்துளி மூக்கில் விழுந்தது. கீரி கண்ணை மூடிக்கொண்டு ஒரே தாவாகத் தாவி, குகை வாசலில் இலையைப் போட்டது.

அடுத்த நொடி பூனையின் இலை அதன்மேல் விழுந்தது.

காட்டெருது குனிந்து அடியில் இருந்த இலையைப் பார்த்தது. “கீரிக்கு” என்றது.

பூனையின் முகத்தில் ஈயாடவில்லை. “இது அநியாயம், எருதாரே! நீச்சலில் நான் கீரிக்கு முந்தி. மரத்தில் முந்தி. ஓட்டத்திலும் என் வேகத்தைப் பார்த்தீர்கள். பிறகு நான் எங்கேதான் தோற்றேன்?”

“உட்கார்ந்த இடத்தில்” என்றது காட்டெருது.

“உட்கார்ந்தது பந்தயத்தில் சேருமா?”

“நீ உட்கார்ந்தாய். பந்தயம் உட்காரவில்லை.”

பூனை மழையில் நனைந்தபடி நடந்தது. கீரி அதைப் பார்க்கவில்லை. அதற்கு நேரம் ஏது? வளைக்கும் குகைக்குமாக மூன்று முறை ஓடியது. மூன்றாவது குட்டியைக் கொண்டுவந்து சேர்த்தபோது கீழே வளை இருந்த இடம் தண்ணீராகிவிட்டது. கீரி குட்டிகளை மூக்கால் தொட்டுத் தொட்டு எண்ணியது. மூன்றும் இருந்தன.

நீதி: ஒரு வேலையை முடித்து அடுத்ததைத் தொடங்கும் இடைநேரத்தில் அசந்தவர், எத்தனை திறமை இருந்தும் பின்தங்குவார்.