நடுங்காத ஒருவர்

முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றில், முரசு மூன்று முறை முழங்காமல் அரசர் அரியணையில் அமர்வதில்லை. ஒருநாள் அந்த முழக்கத்தில் அரசர் வளர்த்த நாய் கரிச்சான் வெலவெலத்துப்போய் அரியணைக்கு அடியில் புகுந்தது. கம்பளம் நனைந்தது. பக்கத்து நாட்டுத் தூதர் வாய்க்குள் சிரித்தார்.

அரசரின் முகம் கறுத்தது.

“ஓலையில் எழுதுங்கள். பத்தாம் நாள் தூதர் விடைபெறுகிறார். அன்று இந்தச் சபையில் சத்தத்துக்கு நடுங்கும் உயிர் எதுவாயினும் புலிக்காட்டுக்குப் போக வேண்டும்.”

“பழக்கிவிடலாம், அரசே,” என்றான் விகடகவி அம்பலத்தாடி.

சேனாபதி கடம்பராயருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. “பழக்கட்டுமே! முடியாவிட்டால் இவரும் நாயோடு போகட்டும். புலிகளுக்கும் சிரிப்புக் காட்ட ஆள் வேண்டாமா?”

சபை சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை.

“அப்படியே ஆகட்டும். நாயைக் கட்டிப்போடக் கூடாது. அதன் காதை அடைக்கக் கூடாது.”

முரசுக்கு நாள்தோறும் நெய்ச்சோறு படைப்பது அந்நாட்டு வழக்கம். அந்தச் சோற்றை அம்பலத்தாடி கேட்டு வாங்கினான். முரசைக் குளத்தின் அக்கரையில் வைக்கச் சொன்னான். முரசறைபவர் விரல்நுனியால் தட்டினார். இக்கரையில் கரிச்சான் காதை நிமிர்த்தியது. உடனே ஓர் உருண்டை கிடைத்தது. மறுபடி தட்டல், மறுபடி உருண்டை. முரசு நாளுக்கு நாள் நெருங்கி வந்தது.

நான்காம் நாள் அம்பலத்தாடி அவசரப்பட்டான். கோலால் அடிக்கச் சொன்னான். நாய் மல்லிகைப் புதருக்குள் ஓடி ஒளிந்தது. அன்று முழுவதும் சோற்றைத் தொடவில்லை. மறுநாள் முரசு மீண்டும் அக்கரைக்குப் போனது.

ஒன்பதாம் நாள், முழங்கும் முரசின் அருகில் நின்று கரிச்சான் வாலாட்டியது. கடம்பராயர் அதை மாடத்திலிருந்து பார்த்தார்.

பத்தாம் நாள் சபை கூடியது. முரசு மூன்று முறை முழங்கியது. கரிச்சான் அரசரின் காலடியில் உட்கார்ந்தபடி நாக்கால் வாயை நக்கிக்கொண்டது. அரசரின் கை அதன் தலையைத் தடவியது.

அப்போது சுவருக்குப் பின்னால் வேட்டு வெடித்தது.

தூண்கள் அதிர்ந்தன. கரிச்சான் அரியணைக்கு அடியில் பாய்ந்தது.

“நடுங்கிவிட்டது!” கடம்பராயரின் குரல் சபையை நிறைத்தது. “ஆணை ஆணைதான். பிடியுங்கள் இருவரையும்!”

காவலர் அம்பலத்தாடியின் கைகளைப் பின்னால் முறுக்கினர்.

“போகிறேன், அரசே. ஓலையில் எழுதியபடியே போகிறேன். ‘நடுங்கும் உயிர் எதுவாயினும்’ என்றுதானே எழுதியிருக்கிறது? அப்படியானால் வண்டிகள் நிறைய வேண்டும். அமைச்சர் தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தூதரின் தலைப்பாகை தரையில் கிடக்கிறது. என் முழங்கால் இன்னும் ஆடுகிறது.” அவன் அரியணைப் படியைப் பார்த்தான். “செங்கோல் உங்கள் கையில் இல்லை, அரசே.”

செங்கோல் படியில் கிடந்தது. அரசரின் கை உடைவாளுக்குப் போனது.

“நாம் எல்லோரும் காட்டுக்குப் போனால், நாட்டில் மிஞ்சுபவர் ஒருவர்தான். நம் சேனாபதி. அவர் மட்டும் அசையவில்லை.”

அரசர் மெல்லத் திரும்பினார். “கடம்பராயரே.”

கடம்பராயர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடம்பராயரே!”

அப்போதும் அவர் திரும்பவில்லை. அருகில் நின்ற காவலன் எட்டி, அவர் காதிலிருந்து ஒரு பஞ்சுருண்டையை எடுத்தான். மறுகாதிலிருந்து இன்னொன்று.

“அதில் குற்றமில்லை, அரசே,” என்றான் அம்பலத்தாடி. “நாயின் காதை அடைக்கக் கூடாது என்றுதான் நீங்கள் சொன்னீர்கள்.”

உடைவாளிலிருந்து கை விலகியது. அரசர் ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தார். கடம்பராயரைப் புலிக்காட்டின் எல்லைக் காவலுக்கு அனுப்பினார். தம் கையிலிருந்த பொன் கடகத்தைக் கழற்றி விகடகவிக்கு அணிவித்தார்.

பிறகு குனிந்து அரியணைக்கு அடியில் கையை நீட்டினார். கரிச்சான் அந்தக் கையை முகர்ந்தது. வெளியே வரவில்லை.

“நாளை முதல் வேட்டுச் சத்தத்துக்கும் பழக்கு.”

“யாரை, அரசே?”

செங்கோலை எடுக்கப் போன அரசர் படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“எங்கள் இருவரையும்தான். குளத்தின் அக்கரையிலிருந்து தொடங்கு.”